வழுக்கினால் எங்கே போகும்? வீட்டுப் பட்டறையில் கையைக் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டுப் பட்டறையில் கையைக் கிழித்துக்கொண்டவர்களிடம் என்ன ஆயிற்று என்று கேட்டுப் பாருங்கள். "வழுக்கிடுச்சு" என்பார்கள். உளி வழுக்கியது, ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது, பலகை நழுவியது. கருவி என்றால் வழுக்கத்தான் செய்யும். மரத்தில் கணு வரும், திருகாணியின் தலை தேய்ந்திருக்கும், கண்ணிமைக்கும் நேரம் கவனம் சிதறும். இதையெல்லாம் முழுக்கத் தடுக்க யாராலும் முடியாது. வழுக்கிய கருவி போகிற பாதையில் கையை வைக்காமல் இருப்பது மட்டும் நம் வசம் இருக்கிறது.

அதனால் எந்தக் கருவியை எடுத்தாலும் அழுத்துவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது இப்போது வழுக்கினால் எங்கே போய் நிற்கும்? "என் இடது கையில்" என்று பதில் வந்தால் கையை நகர்த்துங்கள், அல்லது நிற்கும் பக்கத்தை மாற்றுங்கள். கீழே வருவதில் பாதி, இந்தக் கேள்வியை ஒவ்வொரு கருவியிடமும் கேட்பதுதான். மீதிப் பாதி, எல்லாம் மீறிக் காயம் பட்டுவிட்டால் என்ன செய்வது என்பது.

முதலில் கையைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு கையில் 27 எலும்புகள். ஆனால் விரல்களுக்குள் அவற்றை அசைக்கும் தசையே கிடையாது. விரலை மடக்கும் பெரிய தசைகள் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் இருக்கின்றன. அங்கிருந்து நீண்டு வரும் தசைநாண்கள்தான் விரல்களை இழுக்கின்றன. இந்த நாண்கள் தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன. ஒவ்வொரு விரலின் இரு பக்கவாட்டிலும் ஒரு நரம்பும் ஒரு ரத்தக்குழாயும் உண்டு. ஆகவே ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு, பார்க்க அற்பமாக இருக்கும் ஒரு வெட்டு, விரலின் அசைவையும் உணர்ச்சியையும் ஒரே நேரத்தில் துண்டித்துவிடக்கூடும்.

அறுந்த நாண் அதே இடத்தில் கிடக்காது. முன்கைத் தசை சுருங்கும்போது அதன் முனை உள்ளங்கைப் பக்கம் இழுபட்டுப் போய்விடும். நாள் கடக்கக் கடக்க அதைத் தேடி எடுத்துத் தைப்பது கடினமாகிறது. "ரெண்டு நாள் பார்ப்போம்" என்று கைக்காயத்தில் காத்திருக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

பட்டறைக்குள் நுழையும்போது கழற்ற வேண்டியவை

மோதிரம், கைக்கடிகாரம், வளையல், மணிக்கட்டில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மோதிரம் ஓர் ஆணியிலோ சுழலும் பாகத்திலோ மாட்டினால், விரலின் தோலையும் சதையையும் உறையைப் போல உரித்துக்கொண்டு வந்துவிடும். எலும்பு முறியாமலே விரல் போய்விடக்கூடிய காயம் இது. தொளதொளவென்ற நீளச் சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிடுங்கள். நீள முடியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கையுறை விஷயத்தில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. சுழலும் பிளேடு, சுழலும் டிரில் பிட், லேத் ஆகியவற்றின் அருகே கையுறை போடவே கூடாது. வெறும் தோலை உரசினால் ஒரு வெட்டோடு போகலாம். கையுறையின் நூல் சிக்கினால் முழுக் கையையும் உள்ளே இழுத்துவிடும். தகரத்தைத் தூக்க, உடைந்த கண்ணாடியை அள்ள, சிம்பு நிறைந்த பலகையை நகர்த்த, ரசாயனங்களைத் தொட என்றால் கையுறை அவசியம். வேலை மாறும்போது கையுறையும் மாற வேண்டும். நாள் முழுக்க ஒரே கையுறையோடு எல்லா வேலையும் செய்பவர், என் கணக்கில், கையுறையே போடாதவரைவிட ஆபத்தில் இருக்கிறார்.

பிடி முதலில், வெட்டு அப்புறம்

வேலைப்பொருளைக் கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வெட்டுவதுதான் வீட்டுப் பட்டறைக் காயங்களின் தாய். கிளாம்ப் மாட்ட அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தை மிச்சப்படுத்தத்தான் எல்லோரும் உள்ளங்கையில் வைத்துத் திருகாணியை முடுக்குகிறார்கள். ஸ்க்ரூடிரைவர் நழுவினால் அடுத்து இருப்பது உள்ளங்கைதான். புதிதாகப் பட்டறை அமைக்கிறவர் மூன்றாவது மின்கருவியை வாங்குமுன் பொருளைக் கவ்விப் பிடிக்கும் ஒரு நல்ல வைஸும் நாலைந்து கிளாம்புகளும் வாங்கட்டும். பொருளை வைஸ் பிடித்துக்கொண்டால் இரண்டு கைகளும் கருவிக்குப் பின்னால் வந்துவிடும்.

கைக்கருவிகள்

உளியில் விதி எளிது: இரண்டு கைகளும் எப்போதும் கூர்முனைக்குப் பின்னால். ஒரு கை பிடியில், மற்றது தகட்டின் மேல் வழிகாட்ட. இல்லையென்றால் கொட்டாப்புளியைப் பிடிக்க. மழுங்கிய உளி கூரான உளியைவிட ஆபத்தானது. அதிக அழுத்தம் கேட்கும், அதிக அழுத்தத்தில் வழுக்கினால் வேகமாகப் போகும். இரும்பு வெட்டும் உளியின் தலை அடி வாங்கி வாங்கிக் குடைபோல் விரிந்திருந்தால், அந்த ஓரத்தை அரைத்து எடுத்துவிட்டுத்தான் மறுபடி அடிக்க வேண்டும். அந்த ஓரத்திலிருந்து தெறிக்கும் சில்லு கைக்குள் ஆழமாகப் புதைந்துவிடும்.

கத்தியால் ஸ்கேல் வைத்து அறுக்கும்போது, ஸ்கேலைப் பிடிக்கும் கையின் விரல்நுனிகள் ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். கத்தி ஸ்கேல் மேல் ஏறினால் முதலில் போவது அவைதான். ஒரே இழுப்பில் அறுக்க முயலாமல் நாலைந்து மெல்லிய இழுப்பாக இழுங்கள். ஸ்கேலின் அடியில் உப்புத்தாள் ஒட்டினால் நகராது.

ஸ்பேனரைத் தள்ளாமல் உங்கள் பக்கம் இழுங்கள். தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் விரல்களால் சுற்றிப் பிடிக்காமல் விரித்த உள்ளங்கையால் தள்ளுங்கள். நட்டு சட்டென்று இளகினால் விரல் முட்டிகள் தப்பிக்கும். சின்ன ஆணிகளை நுனிமூக்குக் குறடால் பிடித்துக்கொண்டு அடிக்கலாம், அல்லது ஒரு அட்டைத் துண்டில் குத்தி நிறுத்தி அடிக்கலாம்.

டேபிள் சா: இதற்குத் தனிக் கவனம்

டேபிள் சா என்பது மேசையின் நடுவே வட்டப் பிளேடு சுழல, பலகையைத் தள்ளி அறுக்கும் மெஷின். வீட்டுப் பட்டறையில் விரல்களை நிரந்தரமாக எடுத்துவிடக்கூடிய கருவி என்றால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். கணக்கைப் பாருங்கள். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்குச் சுமார் 4,000 சுற்று சுற்றினால், பல்லின் நுனி நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. எதிர்பாராத ஒன்றுக்கு மனிதக் கை எதிர்வினை காட்ட ஏறத்தாழ கால் நொடி வேண்டும். ஐந்தில் ஒரு நொடி என்றே வைத்துக்கொண்டாலும், அதற்குள் பிளேடு 13 சுற்றுச் சுற்றிவிடும். 40 பல் பிளேடென்றால் ஐநூறுக்கு மேற்பட்ட பற்கள் அதே இடத்தைக் கடந்திருக்கும். "பட்டால் சட்டென்று இழுத்துக்கொள்வேன்" என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமே இல்லை.

பலரும் நினைப்பதுபோல் கை தானாகப் பிளேடுக்குள் போவது மட்டுமே சிக்கல் இல்லை. பெரிய ஆபத்து கிக்பேக், அதாவது பலகை எகிறி அடிப்பது. பிளேடின் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி வெட்டுகின்றன. பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுகின்றன. அறுத்த பிளவு மூடிப் பிளேடை நெருக்கினாலோ, பலகை திரும்பிப் பின்பற்களில் பட்டாலோ, அவை பலகையைத் தூக்கி உங்கள் பக்கம் வீசும். பலகையைத் தள்ளிக்கொண்டிருந்த கை, பிடிமானம் திடீரென்று மறைந்து, பிளேடின் மேல் விழும்.

இதைத் தடுக்கப் பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ரிவிங் நைஃப் என்ற தகடு இருக்கிறது. பிளவு மூடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. தொந்தரவாக இருக்கிறதென்று கழற்றி அலமாரியில் போட்டுவிடாதீர்கள். மற்றவை வரிசையாக:

1. பிளேடின் உயரத்தைப் பலகைக்குச் சற்றே மேல் பல் தெரியும் அளவுக்கு மட்டும் வையுங்கள்.
2. வேலி, அதாவது பலகை சாய்ந்து செல்லும் நேர்கட்டை, பிளேடுக்கு இணையாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பின்பக்கம் இடைவெளி குறுகியிருந்தால் கிக்பேக் வர வாய்ப்பு அதிகம்.
3. பிளேடின் நேர்கோட்டில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கி நில்லுங்கள்.
4. கை பிளேடுக்கு ஒரு சாண் அருகில் வருமென்றால், பலகையைத் தள்ளும் கோலான புஷ் ஸ்டிக்கை எடுங்கள். பலகையை மேலிருந்து அழுத்தியபடி தள்ளும் புஷ் பிளாக் இன்னும் நல்லது. மெஷினை ஓடவிட்ட பிறகு தேடாமல், கைக்கெட்டும் இடத்தில் முன்பே வையுங்கள்.
5. குறுக்கே வெட்டும்போது வேலியையும், பலகையைக் கோணம் மாறாமல் தள்ள உதவும் மைட்டர் கேஜையும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள். வெட்டுப்பட்ட துண்டு நடுவில் சிக்கிக்கொள்ளும்.
6. பலகையை வேலியிலோ மைட்டர் கேஜிலோ சாய்க்காமல் வெறும் கையால் பிடித்து அறுக்கக் கூடாது. நேர் ஓரம் இல்லாத, வளைந்த பலகையை அப்படியே வேலியில் சாய்க்கவும் கூடாது.
7. பிளேடு முழுக்க நிற்கும்வரை துண்டுகளைத் தொடாதீர்கள்.

தோலைத் தொட்டவுடன் பிளேடை நிறுத்தும் இயந்திரங்களும் உண்டு. ஸ்டீவ் காஸ் கண்டுபிடித்த சாஸ்டாப் 2004-இல் சந்தைக்கு வந்தது. உடம்பு மின்னோட்டத்தைக் கடத்தும் தன்மையை உணர்ந்து, ஒரு அலுமினியக் கட்டையைப் பற்களுக்குள் பாய்ச்சிச் சில மில்லிநொடிகளில் பிளேடை நிறுத்திவிடுகிறது. பிளேடும் அந்த பிரேக் பெட்டியும் வீணாகிவிடும், விரல் தப்பும். வாங்க வசதி இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் கிக்பேக்கில் பலகை வந்து அடிப்பதை அதுவும் தடுக்காது.

கிரைண்டரும் டிரில்லும்

ஆங்கிள் கிரைண்டரில் காப்புமூடியைக் கழற்றாதீர்கள், பக்கக் கைப்பிடியை மாட்டாமல் ஓட்டாதீர்கள். இரண்டு கைகளும் கருவியில் இருந்தால் இரண்டும் டிஸ்க்கில் இருக்க முடியாது. டிஸ்க்கில் அச்சிட்டுள்ள அதிகபட்ச வேகம் கிரைண்டரின் வேகத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் இருக்கும். பழையது, ஈரம் பட்டது, கீழே விழுந்தது என்றால் தூக்கிப் போடுங்கள். வெட்டும் டிஸ்க்கின் பக்கவாட்டால் தேய்க்கக் கூடாது. மரம் அறுக்கும் பல் பிளேடைக் கிரைண்டரில் மாட்டுவது மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம். அந்தக் கருவி அதற்காகச் செய்யப்படவில்லை. பல் சிக்கினால் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு முகத்துக்கோ கைக்கோ வரும்.

டிரில்லிங்கில் ஆபத்தான தருணம் துளையின் கடைசி மில்லிமீட்டர். பிட் மறுபக்கம் வெளிவரும்போது தகட்டைக் கவ்வும். கையால் பிடித்திருந்தால் தகடு சுழன்று விரல்களை வெட்டும். எவ்வளவு சின்னத் துண்டானாலும் வைஸில் பிடித்துத்தான் துளையிட வேண்டும். சுருள் சுருளாக வரும் உலோகச் சீவல்களை, மெஷினை நிறுத்திவிட்டு பிரஷ்ஷால் தள்ளுங்கள்.

பிளேடோ பிட்டோ டிஸ்க்கோ எதை மாற்றினாலும் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. மின்சாரம் போய்த் திரும்ப வந்தால் தானாக ஓடத் தொடங்காத சுவிட்ச் கொண்ட மெஷின் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஓடும் மெஷின் முன் நிற்பவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். அலுப்பாக இருக்கும்போது "இந்த ஒரு வெட்டு மட்டும்" என்று தோன்றினால், அந்த வெட்டை நாளைக்கு வையுங்கள்.

முதலுதவிப் பெட்டி

கதவருகே, கைக்கெட்டும் உயரத்தில். உள்ளே கிருமி நீக்கிய கட்டுத்துணிகள், சுற்றுக்கட்டு, ப்ளாஸ்திரி, சலைன் புட்டி, கத்தரிக்கோல், சிமிட்டா, இறுக மூடும் பிளாஸ்டிக் பைகள் சில. பெட்டியை ஒருமுறை பலவீனமான கையால் மட்டும் திறந்து பாருங்கள். திறக்க முடியவில்லையென்றால் பெட்டியை மாற்றுங்கள். வலது கை வெட்டுப்படும் நாளில் இடது கைதான் மிச்சம் இருக்கும். போன் சட்டைப்பையில் இருக்கட்டும். தனியாக வேலை செய்யும்போது உள்ளே தாழ் போடாதீர்கள்.

வெட்டுப்பட்டுவிட்டது. இப்போது?

மெஷினை நிறுத்துங்கள். தரையில் உட்காருங்கள், ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழும் இடம் ஓடும் பிளேடாக இருக்கக் கூடாது. காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து நேராக அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேல் தூக்குங்கள். முழுதாக 10 நிமிடம், கடிகாரம் பார்த்து. நடுநடுவே "நின்னுச்சா" என்று திறந்து பார்த்தால் உறையத் தொடங்கியது கலைந்துவிடும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்று வைத்து அழுத்துங்கள். மோதிரம் ஏதும் மிச்சமிருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். விரலின் அடியில் நூல் கட்டி இறுக்க வேண்டாம். உள்ளே ஆழமாகக் குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்க வேண்டாம். அது அசையாதபடி சுற்றிலும் துணி வைத்துக் கட்டுங்கள்.

சின்னக் காயமென்றால், ரத்தம் நின்றபின் ஓடும் சுத்தமான நீரில் நன்றாகக் கழுவுங்கள். அப்புறம் இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள்:

விரல்நுனியின் இரு பக்கங்களையும் பஞ்சால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மரத்திருந்தால் அந்தப் பக்க நரம்பு அடிபட்டிருக்கலாம். நடு மூட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கிப் பாருங்கள். பிறகு மற்ற விரல்களை நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டு, காயம்பட்ட விரலை நடு மூட்டில் மடக்கிப் பாருங்கள். இந்த இரண்டையும் வெவ்வேறு நாண்கள் செய்கின்றன. ஒன்று அறுந்தாலும் மற்றது விரலை ஓரளவு மடக்கும் என்பதால், மொத்தமாக மடக்கிப் பார்த்து ஏமாறுகிறார்கள். விரலை முழுதாக நிமிர்த்தவும் முடிகிறதா என்று பாருங்கள். நாண் பாதி அறுந்திருந்தால் விரல் மடங்கும், ஆனால் எதிர்த்து அழுத்தும்போது வலிக்கும். சில நாள் கழித்து முழுதும் அறுந்து போகலாம்.

இதில் ஏதாவது ஒன்று சரியில்லை என்றாலோ, விரல் வெளிறிக் குளிர்ந்திருந்தாலோ, 15 நிமிட அழுத்தத்துக்குப் பிறகும் ரத்தம் வந்தாலோ, காயம் மூட்டின் மேல் இருந்தாலோ, அன்றே மருத்துவமனை. நீங்களே வண்டி ஓட்ட வேண்டாம். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதும் கேட்கப்படும். சுத்தமான சிறு காயத்துக்கு 10 ஆண்டு கடந்திருந்தால் மறுஊசி வேண்டும். அழுக்கான அல்லது ஆழமான காயத்துக்கு 5 ஆண்டு கடந்திருந்தாலே வேண்டும்.

விரல் துண்டானால்

ஜப்பானில் கோமட்சு, தமாய் என்ற இரு மருத்துவர்கள் முழுதாகத் துண்டான கட்டைவிரலை 1965-இல் ரத்தக்குழாய்களைத் தைத்து மீண்டும் பொருத்தினார்கள். அதன்பின் இது பல இடங்களில் நடக்கும் அறுவை ஆகிவிட்டது. ஆனால் துண்டு எந்த நிலையில் மருத்துவமனைக்கு வந்து சேர்கிறது என்பது மிக முக்கியம்.

1. முதலில் ஆளைக் கவனியுங்கள்: அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். உதவிக்கு அழையுங்கள்.
2. துண்டைத் தேடி எடுங்கள். எவ்வளவு சிறியதோ நசுங்கியதோ, எல்லாவற்றையும் எடுங்கள். பயன்படுமா என்று முடிவு செய்வது அறுவை மருத்துவரின் வேலை.
3. சலைனில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றுங்கள். தேய்க்காதீர்கள், மருந்து போடாதீர்கள்.
4. பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடுங்கள்.
5. அந்தப் பையைப் பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த இன்னொரு பைக்குள் வையுங்கள். பனிக்கட்டி விரலை நேராகத் தொடவே கூடாது. தொட்டால் திசு உறைந்து கெட்டுவிடும். தண்ணீரில் ஊறவும் போடாதீர்கள்.
6. துண்டான நேரத்தை எழுதி வையுங்கள். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் தராதீர்கள், மயக்கமருந்து தேவைப்படும்.

கொஞ்சம் தோலில் தொங்கிக்கொண்டிருந்தால் அதை வெட்டிவிடாதீர்கள். அந்தத் தோல் வழியாகவே ரத்தம் ஓடிக்கொண்டிருக்கலாம். இயல்பான நிலையில் வைத்து அசையாமல் கட்டிக் கொண்டுபோங்கள். விரலில் தசை இல்லாததால், குளிர்ச்சியாக வைத்த விரல் கையின் மற்றப் பகுதிகளைவிட அதிக நேரம் தாங்கும். நேரமாகிவிட்டதே என்று நீங்களாகக் கைவிட வேண்டாம்.

ஊசிமுனை அளவில் தெரியும் ஆபத்து

ஏர்லெஸ் பெயின்ட் ஸ்ப்ரேயர், கிரீஸ் கன், ஹைட்ராலிக் குழாய் ஆகியவை திரவத்தைத் தோலைத் துளைத்து உள்ளே செலுத்திவிடும். ஸ்ப்ரேயர்களில் சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அழுத்தம் சாதாரணம். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், ஆரம்பத்தில் வலியும் அதிகமிருக்காது. உள்ளே பெயின்ட் நாண்களின் உறை வழியே உள்ளங்கை வரை பரவி, சில மணி நேரத்தில் விரல் வீங்கித் திசு சாகத் தொடங்கும். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே புள்ளியைப் பார்த்துவிட்டு யாராவது "ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போங்க" என்று சொன்னாலும், அதிக அழுத்தத்தில் பெயின்ட் உள்ளே போனது என்பதை அழுத்திச் சொல்லுங்கள்; முடிந்தால் அந்த டப்பாவையும் கொண்டுபோங்கள். கசிவு எங்கே என்று விரலால் தடவித் தேடவே கூடாது. அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

ஆணியோ கம்பியோ குத்தி ஓரிரு நாள் கழித்து விரல் முழுக்கச் சீராக வீங்கி, லேசாக மடங்கியே நின்று, நிமிர்த்தினால் உயிர் போகிறதென்றால், நாணின் உறைக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது.

மரச்சிம்பை, அது நுழைந்த கோணத்திலேயே சிமிட்டாவால் இழுங்கள். உள்ளே முறிந்து தங்கினால் எக்ஸ்ரேயில் மரம் பெரும்பாலும் தெரியாது என்பதால், மருத்துவரிடம் மரம் என்று சொல்லிவிடுங்கள். தீக்காயத்துக்கு ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம், பனிக்கட்டி வேண்டாம். சூப்பர் குளூவில் விரல்கள் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான சோப்புநீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள். பருத்திக் கையுறையோடு அந்தப் பசையைக் கையாளாதீர்கள். பருத்தியில் பட்டால் தோலைச் சுடும் அளவுக்குச் சூடாகும்.

மறுபடி பட்டறைக்கு

தைத்த நாண் முழுப் பலத்தைத் தாங்க ஏறத்தாழ 12 வாரம் ஆகும். நடுவில் கட்டை அவிழ்த்துவிட்டு ஒரு கனமான பலகையைத் தூக்கினால் தையல் அறுந்துபோகலாம். விரல்நுனி தொங்கிப்போகும் மேலட் விரலுக்கு 6 முதல் 8 வாரம் இரவும் பகலும் நுனியை நேராக நிறுத்தும் ஸ்ப்ளின்ட் இருக்க வேண்டும். ஒருமுறை நுனி மடங்கினாலும் நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சிகளைத் தவிர்த்தால் விரல் விறைத்துப்போகும். அறுவையின் பலனில் பாதி அங்கேதான் இருக்கிறது.

நரம்பு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். உள்ளங்கையில் அறுந்து தைக்கப்பட்ட நரம்பு விரல்நுனியை எட்ட மாதங்கள் பிடிக்கும். அதுவரை அந்த விரல் சூட்டையும் கூர்மையையும் சொல்லாது. சால்டரிங் அயர்னையோ சூடான உலோகத்தையோ அந்தக் கையால் எடுக்காதீர்கள். பிளேடுக்குப் பக்கத்தில் பலகையை வழிநடத்தும் வேலையை மற்றக் கைக்கு மாற்ற முடியாவிட்டால், அந்த வேலையை அப்போதைக்கு வேறு யாரிடமாவது கொடுங்கள்.